செவி திறக்க நா திறக்கும்



சென்ற தவக்காலத்தின் ஒரு ஞாயிறன்று நம் ஆலயத்தில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று இன்னும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதில் பிழை செய்தவர்களுள் நாமும் ஒருவராயிருந்தோம். ஆதலால் அதனை மறைக்காமல் எழுதுவதே முறை.

ஜார்க்கண்டு மாநிலத்திலிருந்து பிழைப்பு நாடி வந்து, நம் பங்கின் எல்லையிலுள்ள நூற்பாலையில் உழைக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவற்றை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் ஒரு வீட்டுச் சிறுமி மூன்றாண்டுகளாகத் தமிழ்ப் பள்ளியில் படித்து வருகிறாள். எழுத்துக் கூட்டாமலே தமிழ் படிப்பாள். நம் உபதேசியார் ஊக்கமூட்ட, அன்று அவள் இரண்டாம் வாசகம் படிக்க வந்தாள். அன்றைய வாசகத்தில் ‘வாழ்வு’ என்னும் சொல் பலமுறை வந்தது. அவளோ ஒவ்வொரு முறையும் ‘வால்வு’ என்றே படித்தாள். மூன்றாம் முறை இளைஞர் அமர்ந்திருந்த பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. ஐந்தாம் முறை பெரியவர்களும் சிரித்தார்கள்.

திருப்பலி முடிந்தபின், திருவுடை களையும் அறையில், நன்மை செய்வதாக எண்ணி நாம் செய்ததுதான் பெரும் பிழை. பலிபீடச் சிறுவர்களும் வேறு சிலரும் நின்றிருக்க, “காதைத் திறந்து கேள், அம்மா! வாழ்வு என்று சொல்” என்றோம். “வால்வு” என்றாள். மீண்டும் சொன்னோம், மீண்டும் அதுவே வந்தது. பத்து முறை சொல்ல வைத்தோம். பதினோராம் முறை ஒலி வரவில்லை, கண்ணீர் வந்தது. அடுத்த இரு ஞாயிறும் அக்குடும்பம் அமரும் இருக்கை வெறுமையாய்க் கிடந்தது.

மூன்றாம் வாரம் நாம் அவர்கள் இல்லத்திற்குச் சென்றோம். சிறுமி கதவோரம் நின்றாள், பேசவில்லை. அவள் தாய் நம்மை உணவு உண்ண அழைத்தார். உணவுக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘கானா’ என்று நம் செவியில் விழுந்தது. அவர்கள் மொழியில் நாலு சொல் தெரிந்தவர்போல் காட்டிக்கொள்ள எண்ணி, நாமும் “கானா” என்றோம். கதவோரம் நின்ற சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னவென்று வினவினோம். “பாதர், நீங்கள் சொன்னது உணவு இல்லை, ஒற்றைக் கண்ணன்” என்றாள்.

இரு சொற்களையும் மெல்லச் சொல்லிக் காட்டுமாறு கேட்டோம். சொன்னாள். நமக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. உணவைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்தில் மூச்சு ஒன்று சேர்ந்து வெளிப்படுகிறது. மற்றதில் அந்த மூச்சு இல்லை. அவளுக்கு அது பகலும் இரவும் போன்ற வேறுபாடு. நமக்கு வேறுபாடே இல்லை. “இன்னொரு முறை” என்றோம். அவள் பத்து முறையும் சலிக்காமல் சொன்னாள். ஒருமுறைகூட, “காதைத் திறந்து கேளுங்கள், பாதர்” என்று சொல்லவில்லை.

அப்பொழுதுதான் நமக்கு உண்மை விளங்கியது. அவள் நா பிழை செய்யவில்லை. நாம் ‘வாழ்வு’ என்றபோது அவள் செவியில் ‘வால்வு’ என்றே விழுந்தது. கேட்டதை அவள் நேர்மையாகத் திருப்பிச் சொன்னாள். காது திறந்துதான் இருந்தது. திறக்காதது காதுக்குப் பின்னால் இருந்த வேறொன்று. அது என்ன?

இதனை ஆராய்ந்தவர்கள் உண்டு. கனடா நாட்டில் ஜேனெட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் இருவர் 1984ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் இல்லங்களில் பிறந்த கைக்குழந்தைகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஒரே ஒலி திரும்பத் திரும்ப ஒலிக்கும். திடீரென அது வேறோர் ஒலியாக மாறும். மாற்றத்தை உணர்ந்து குழந்தை தலையைத் திருப்பினால், பக்கத்திலுள்ள பெட்டியில் விளக்கு எரிந்து பொம்மை ஒன்று ஆடும். பொம்மை காணும் ஆசையால், மாற்றத்தைக் கேட்கும் குழந்தை தவறாமல் தலையைத் திருப்பும்.

அவர்கள் தேர்ந்தெடுத்த ஒலிகளுள் இந்தியிலுள்ள இரண்டு, நம் தகரத்தையும் டகரத்தையும் ஒத்தவை. ‘பத்து’ என்பதற்கும் ‘பட்டு’ என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழர்க்குச் சொல்லித் தரவேண்டியதன்று. ஆனால் ஆங்கிலேயர் செவியில் இரண்டும் ஒரே எழுத்தாகவே விழும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளோ, ஆங்கில வீட்டில் பிறந்திருந்தும், அவ்வேறுபாட்டைக் கேட்டுத் தலையைத் திருப்பின. பத்துப் பன்னிரண்டு மாதம் ஆகும்போது அவ்வாற்றல் பெரிதும் குறைந்துவிட்டது. இந்தி பேசும் வீட்டில் வளரும் குழந்தைகள் மட்டும் அதே வயதிலும் அதனை இழக்கவில்லை.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். மனிதக் குழந்தை எந்த நாட்டு ஒலியையும் ஏற்கும் செவியுடன் வாழ்வைத் தொடங்குகிறது. முதற் பிறந்த நாளைக் காண்பதற்குள், தாயும் தந்தையும் பேசும் மொழியில் எவ்வேறுபாடு பொருளுக்கு வேண்டும், எது வேண்டாம் என்பதைத் தானே கற்றுக்கொள்கிறது. வேண்டியவற்றைக் கூர்மையாக்குகிறது, வேண்டாதவற்றை ஒன்றாய்க் கட்டி ஒதுக்குகிறது. இது குறைபாடன்று. தாய்மொழியை விரைந்து பிடிக்க இந்த ஒதுக்கல் உதவுகிறது. தாய்மொழி ஒரு சல்லடை. நமக்கு வேண்டிய மாவைத் தருகிறது. பிற மொழிகளின் மணிகளைத் தடுத்துவிடுகிறது. அச்சிறுமியின் சல்லடையில் ழகரம் தங்கவில்லை. நம் சல்லடையில் அந்த மூச்சு தங்கவில்லை.

இந்தச் சல்லடையின் தடயங்கள் நம் நிலப்படத்திலேயே இருக்கின்றன. சோழமண்டலம் என்பதே மேனாட்டார் வாயில் கோரமண்டல் ஆயிற்று என்பர். அங்கே ழகரம் ரகரமாயிற்று. கோழிக்கோடு காலிகட் ஆயிற்று. பழவேற்காடு புலிக்காட் ஆயிற்று. இங்கே அதே ழகரம் லகரமாயிற்று. ஒரே ஒலியை அயலார் செவி ஓரிடத்தில் இப்படியும் ஓரிடத்தில் அப்படியும் பிடித்திருக்கிறது. தன்னிடம் உள்ள பெட்டிகளுள் எது அருகில் இருக்கிறதோ அதில் புது ஒலியைப் போட்டு மூடுவது செவியின் இயல்பு.

எனவேதான் முற்றிலும் புதிய ஒலியைவிட, நம் ஒலியை ஏறக்குறைய ஒத்த ஒலியே பல வேளைகளில் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. இதற்கும் நாமே சான்று. 2009ஆம் ஆண்டுக் கோடையில், ஜெர்மனியில் ஒரு சிற்றூர்ப் பங்கில் உதவிக் குருவாகச் சில வாரம் பணியாற்றினோம். கோவிலையும் திருச்சபையையும் குறிக்கும் அவர்கள் சொல்லின் நடுவில் ஓர் ஒலி உண்டு. நாவின் நடுப்பகுதி மேல்வாய்க்கு அருகே எழ, காற்று மெல்ல உரசிச் செல்லும் ஒலி அது. ஹகரமுமன்று, ஷகரமுமன்று. நம் செவியோ அதனை ஷகரம் என்றே தீர்மானித்துவிட்டது. ஷகரம் இட்டுச் சொன்னால் அச்சொல்லுக்குச் செர்ரிப் பழம் என்று பொருள்! “நாமனைவரும் ஒரே செர்ரிப் பழமாயிருக்கிறோம்” என்று மூன்று ஞாயிறு உருக்கமாக மறையுரை ஆற்றியிருக்கிறோம்.

அவ்வூர் மக்களுள் ஒருவரும் ஆலயத்தில் சிரிக்கவில்லை. ஒரு நாள் மாலை, ஆலயத்திற்கு மலர் அலங்காரம் செய்யும் மூதாட்டி ஒருவர், ஒரு தட்டு நிறையச் செர்ரிப் பழங்களுடன் நம் அறைக்கு வந்தார். தட்டைக் காட்டி ஒரு சொல்லைச் சொன்னார். சாளரத்தின் வழியே ஆலயக் கோபுரத்தைக் காட்டி மறு சொல்லைச் சொன்னார். நமக்கு விளங்கியது. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அன்று முதல் நாள்தோறும் சிறிது நேரம் அவர் இரு சொற்களையும் மாற்றி மாற்றிச் சொல்வார். நாம் பழத்தையோ கோபுரத்தையோ சுட்ட வேண்டும். முதலில் பாதிக்குப் பாதி தவறினோம். ஊர் திரும்பும் நாளில் பெரும்பாலும் தவறவில்லை. அந்த அம்மையார் நமக்குத் தனிமையில் காட்டிய இரக்கத்தை, நாம் அச்சிறுமிக்குப் பலர் முன்னிலையில் காட்ட மறந்தோமே என்பதுதான் இன்று நம்மைச் சுடுகிறது.

‘ஓராண்டுக்குள் சல்லடை அமைந்துவிட்டால், பின்னர்க் கற்பது வீண்தானோ?’ என்று சிலர் கேட்கக்கூடும். வீணன்று. ஜப்பானியர்க்கு ஆங்கிலத்தின் ரகரமும் லகரமும் ஒன்றாகக் கேட்பது உலகறிந்த செய்தி. பாறையைக் குறிக்கும் ‘ராக்’ என்பதையும் பூட்டைக் குறிக்கும் ‘லாக்’ என்பதையும் பிரித்தறிய அவர்கள் இடர்ப்படுவர். அமெரிக்காவின் இண்டியானாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பிசோனியும் அவருடைய தோழர்களும் 1991ஆம் ஆண்டில் அவர்களைப் பயிற்றிய முறை கவனிக்கத்தக்கது. ஒரே குரலை ஆயிரம் முறை கேட்கச் செய்யாமல், பலருடைய குரல்களைக் கேட்கச் செய்தார்கள். சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் அவ்வொலிகள் வந்தன. ஒவ்வொரு விடைக்கும் உடனே சரி, தவறு என்று அறிவிக்கப்பட்டது. செவி மெல்லத் திருந்தியது. முன்பு கேளாத புதுக் குரலிலும் வேறுபாட்டை அறிந்தது.

1997ஆம் ஆண்டில் ஆன் பிராட்லோ என்பவரும் உடனாய்வாளரும் மேலும் ஒன்றைக் கண்டார்கள். கேட்பதில் மட்டுமே பயிற்சி பெற்ற ஜப்பானியர்கள், பேசுவதில் ஒரு பயிற்சியும் பெறாதிருந்தும், அவ்வொலிகளை முன்னினும் தெளிவாகப் பேசினார்கள். மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோதும் அந்த நன்மை நிலைத்திருந்தது. செவியைத் திருத்தினால் நாவும் பின்தொடர்கிறது. பயன் எல்லார்க்கும் ஒரே அளவாயில்லை. பிறவி ஆங்கிலேயர்க்கு இணையாகிவிட்டார்கள் என்பதுமில்லை. ஆனால் கதவு பூட்டப்பட்டிருக்கவில்லை. தாழ் மட்டும் இறுகியிருந்தது.

நாவுக்கு நேர்வழியே இல்லையோ எனில், அதுவும் உண்டு. செவிக்கு வேறுபாடு எட்டாதபோதும், நாவை எங்கே வைப்பது என்று அறிந்து சரியாக ஒலிப்பவர் உண்டு. இவ்வகையில் நம் முன்னோர் முன்னோடிகள். தொல்காப்பியத்தின் பிறப்பியல், ஒவ்வோர் எழுத்தும் வாயில் எங்கே, எவ்வாறு பிறக்கிறது என்று பிரித்துக் காட்டுகிறது. ரகரத்தையும் ழகரத்தையும் அது ஒருங்கே வைத்து, நாநுனி மேலே எழுந்து மேல்வாயைத் தடவுவதால் பிறப்பவை என்கிறது. சோழமண்டலத்தில் ரகரத்தைக் கேட்ட அயலார் செவி அத்துணைப் பேதைமை உடையதன்று என்பது இதனால் தெரிகிறது. லகரத்தில் நாநுனி பல்லின் அடியைத் தொடும். ளகரத்தில் நா வளைந்து மேல்வாயைத் தொடும். ழகரத்திலோ வளைந்த நா ஒட்டாமல் நிற்க, இடைவெளியில் ஒலி வழுகிச் செல்லும். சொல்லிப் பாருங்கள்: வால், வாள், வாழ்.

இனி நம் பங்கின் கதைக்கு வருவோம். உபதேசியாருடன் கலந்து, அச்சிறுமிக்குப் பல குரல்களில் கேட்கும் பயிற்சி அளிக்க முடிவு செய்தோம். ழகரம் நன்கு வரும் ஐவரைத் தேர்ந்தால் போதும் என எண்ணினோம். இங்கேதான் வேடிக்கை. அன்று சிரித்த இளைஞர்கள் நால்வரை முதலில் அழைத்து, ‘வாழைப்பழம்’ என்று சொல்லச் சொன்னோம். மூவர் வாயில் அது ‘வாளப்பளம்’ என்றே வந்தது! நம் வட்டாரத்தில் பலர் பேச்சு இதுவே என்பதை நாம் கவனித்ததே இல்லை. இளைஞர்கள் நாணினார்கள். பிறகு அவர்களும் பயிற்சியில் சேர்ந்துகொண்டார்கள். இறுதியில் ஒரு பாட்டியார், ஓர் அருட்சகோதரி, தையற்காரர் ஒருவர், நான்காமவராகத் தேறிய அந்த இளைஞர், நாம் என ஐவர் சேர்ந்தோம்.

நாள்தோறும் மாலை மறைக்கல்வி அறையில் கால்மணி நேரம். ‘பலம், பழம்’, ‘வால், வாழ்’, ‘தாள், தாழ்’, ‘விலை, விழை’ என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்வோம். சிறுமி பேச வேண்டியதில்லை. ழகரம் கேட்டால் கையை உயர்த்த வேண்டும். சரியென்றால் தலையசைப்போம்; தவறென்றால் அதே சொல்லை மீண்டும் சொல்வோம். பத்து நாள் வரை அவள் கை குழம்பியே உயர்ந்தது. பதினைந்தாம் நாளளவில் தையற்காரர் குரலில் தெளிந்தாள். பாட்டியார் குரலில் தடுமாறினாள். மூன்றாம் வாரம் எவர் குரலிலும் பெரும்பாலும் கை தவறவில்லை. அதன்பின்னரே, நாவை மடித்து ஒட்டாமல் நிறுத்தும் முறையை அருட்சகோதரி சொல்லிக் கொடுத்தார். ஒரு நாள் அவள் வாயில் ‘மழை’ என்ற சொல் முழுமையாக வந்தது. வந்ததை அவளே கேட்டாள்! அவள் முகத்தில் தோன்றிய வியப்பை எழுத்தில் வடிக்க இயலாது.

கைம்மாறாக அவள் நமக்கு உணவையும் ஒற்றைக் கண்ணனையும் பிரிக்கக் கற்பிக்கிறாள். உள்ளங்கையை வாயருகே பிடித்துச் சொல்ல வேண்டுமாம். உணவு என்றால் கையில் மூச்சு படும். நாம் இன்னும் மந்த மாணவரே.

இவ்விடத்தில் பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளைக்கு நல்ல ஆங்கிலம் வரவேண்டும் என்று, தவழும் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்து அயல்நாட்டுப் பாட்டுகளை ஓடவிடும் வழக்கம் நம் இல்லங்களில் பெருகிவிட்டது. 2003ஆம் ஆண்டில் சியாட்டில் நகரில் பட்ரீசியா கூல் என்னும் அறிஞரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வை அறிந்துகொள்ளுங்கள். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து, 12 அமர்வுகளில் கதை சொல்லி விளையாடினார்கள். அக்குழந்தைகள் சீன ஒலி வேறுபாட்டைத் தைவான் குழந்தைகளுக்கு இணையாக அறிந்தன. வேறு குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, தொலைக்காட்சித் திரையிலும் ஒலிப்பதிவிலும் காட்டப்பட்டன. அவற்றுக்கு ஒரு பயனும் விளையவில்லை. முகம் நோக்கிப் பேசும் மனிதரிடமிருந்தே குழந்தையின் செவி கற்கிறது. ஆகவே, தாய்மாரே, உங்களுக்குத் தெரிந்த மொழியில், உங்கள் மடியில் வைத்து, நிறையப் பேசுங்கள். பாட்டியின் கதைக்கு ஈடு செய்யும் கருவி வரவில்லை.

பெரியவர்களும் மனந்தளர வேண்டா. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தமிழ் மண்ணை மிதித்தபோது அவர்க்கு வயது முப்பதளவு. அவர்க்கு முன்னரே, முத்துக்குளித்துறையில் உழைத்த போர்த்துக்கீசியரான அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்று, பின்வருவோர்க்காகத் தமிழிலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தந்ததே. அவர்கள் நாவில் ழகரம் எப்படி ஒலித்ததோ, கேட்டுச் சொல்வார் இன்றில்லை. நம் முன்னோர் அவர்களைக் கேலி செய்து துரத்தியிருந்தால் நாம் இழந்திருக்கக்கூடியது என்னவென்று மட்டும் நன்றாகத் தெரியும்.

ஒலி ஒன்றால் மனிதரைப் பிரிப்பது புதிதன்று. நீதித் தலைவர்கள் நூலின் 12ஆம் அதிகாரத்தில், யோர்தான் துறைகளைக் காத்து நின்ற கிலயாதியர், கடக்க வந்தவர்களை ‘ஷிபோலெத்’ என்று சொல்லப் பணித்தார்கள். எப்ராயிம் குலத்தார்க்கு ஷகரம் வராது, ‘சிபோலெத்’ என்றார்கள். அந்த ஓரெழுத்துக்காக அவர்களைக் கொன்றார்கள். அப்போரில் மாண்டவர் 42,000 என்கிறது அந்நூல். நாம் வாளெடுக்கவில்லை, சிரித்தோம். ஆயினும் ஒரு குடும்பத்தைத் துறையிலேயே நிறுத்திவிட்டோம்.

மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரமோ வேறு வழியைக் காட்டுகிறது. காது கேளாதவரும் திக்கிப் பேசுபவருமான ஒருவரை ஆண்டவரிடம் கொண்டு வந்தார்கள். ஆண்டவர் அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார். முதலில் செவியில் விரலிட்டார். பின்னரே நாவைத் தொட்டார். செவி திறந்தது, நாவின் கட்டு அவிழ்ந்தது. அந்த வரிசையையும், அந்தத் தனிமையையும் நாம் எத்தனையோ ஆண்டு மறையுரையில் விளக்கியிருந்தும், அன்று திருவுடை களையும் அறையில் மறந்துபோனோம்.

பெந்தகோஸ்து ஞாயிறன்று அச்சிறுமி மீண்டும் வாசகம் படித்தாள். ‘வாழ்வு’ இரு முறை சரியாக வந்தது. ‘மகிழ்ச்சி’ என்பது மட்டும் ‘மகில்ச்சி’ ஆயிற்று. ஆலயத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில், தந்தைக்கும் தாய்க்கும் நடுவே, அவளுடைய இருக்கை அவளுக்காகக் காத்திருந்தது.